விளக்கு வைக்கும் நேரத்தில் கழுவிய பிலிம்

"நான் போட்டோவே எடுத்து வெச்சிருக்கறனுங்க அத்தை" என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு மாடிக்குப் போய்த் துணி எடுப்பேன். துணியைப் பாதி மடிக்கும்போது செடிக்குத் தண்ணீர் விடாதது நினைவுக்கு வரும். செடியருகே நிற்கும்போது கீழே பருப்பு அடிப்பிடிக்கும். "இவ காலுல சக்கரந்தான் கட்டியிருக்குது" என்பார் அத்தை. அத்தை என்றால் என் மாமியார். கணபதியில் ஒரே வீட்டில் அவரும் நானும் என் கணவரும். கணவர் பட்டறைக்குப் போய்விட்டால் நாளெல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான்.

அத்தைக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தங்கை. அன்னூரில் இருக்கிறார். எனக்குச் சின்ன அத்தை. என் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று சொந்தக்காரர் பெயரெல்லாம் வரிசையாகப் போட்டபோது, சின்ன அத்தையின் வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சகத்தில் விட்டார்களா, எழுதிக் கொடுத்தவர் விட்டாரா, இன்றுவரை தெரியாது. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கத் தன் புருஷன் பெயர் மட்டும் இல்லையே என்று சின்ன அத்தை முகூர்த்தத்துக்கு வந்துவிட்டுக் கை நனைக்காமல் போய்விட்டார். தங்கச்சி சாப்பிடாமல் போனதை அத்தையால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு. அந்தச் சண்டைக்கும் என் கல்யாணத்துக்கும் ஒரே வயது. பெயர் விட்டுப்போன மனிதருக்கே அது மறந்துவிட்டது. எங்காவது பார்த்தால் "நல்லாருக்கறயா கண்ணு" என்று சிரிப்பார். அக்காவும் தங்கையும் மட்டும் விடவில்லை.

போன கோடையில் சின்ன அத்தைக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில், வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சின்னம்மா ஒண்ணும் கேக்கல. கதவையே பாத்துட்டுப் படுத்திருக்கறாங்க" என்றார்.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நாம ஒருக்காப் போயிட்டு வந்தரலாமுங்க அத்தை" என்றேன்.

"நான் எதுக்குப் போகோணும்? நான் மூத்தவ. அவதான் மொதல்ல பேசோணும். அவிநாசில அத்தன சனத்துக்கு நடுவுல எம்பக்கத்துலயே உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை பேசுனாளா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டா."

இங்கேதான் என் வாய் நீண்டது. "பேசுனாங்க. நான் பாத்தேன். போட்டோவே எடுத்து வெச்சிருக்கறனுங்க அத்தை."

அத்தை கீரைக்கட்டைக் கீழே வைத்தார். "எங்க, காட்டு. அவ மொதல்ல பேசுனான்னு காட்டு. இப்பவே வண்டியேறுறேன்."

காட்ட முடியாது. அது போனில் இல்லை, பிலிமில் இருந்தது. அந்தப் பிலிம் பிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊறுகாய் டப்பாவுக்குள் இருந்தது.

நடந்தது இதுதான். சின்ன அத்தை படுக்கையில் விழுவதற்கு முன்னால் அவிநாசியில் ஒரு காதுகுத்து. கோயிலில் முடித்துக்கொண்டு மண்டபத்தில் விருந்து. பந்தியில் ஆள் உட்கார வைப்பவர்களுக்கு யார் யாருடன் பேசுவதில்லை என்பதெல்லாம் கணக்கில்லை. வரிசை நிறைய வேண்டும், அவ்வளவுதான். "தள்ளி உக்காருங்க, தள்ளி உக்காருங்க" என்று தள்ளியதில் அக்காவுக்கும் தங்கைக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. இலை போட்ட பிறகு எழுந்தால் அது இன்னொரு சண்டை. ஆகவே இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் எதிரில் கேமராவோடு நின்றேன். என் அண்ணன் வீடு மாற்றியபோது எனக்குத் தள்ளிவிட்ட பழைய பிலிம் கேமரா அது. இலையில் போளி, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒப்பிட்டு, பரிமாறி முடித்த நேரம், அங்கே ஏதோ அசைந்தது. நான் அடுத்தடுத்து மூன்று முறை அழுத்தினேன். கண் ஃபோகஸில் இருந்ததால் யார் வாய் முதலில் திறந்தது என்று எனக்குத் தெரியாது. பேசினார்கள், அது நிச்சயம். மூன்று படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் யார் முதலில் திரும்பினார் என்று தெரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

"போன்ல எடுத்திருந்தா இந்நேரம் அன்னூர்ல காப்பி குடிச்சுட்டிருக்கலாம்" என்றார் என் கணவர். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் வரும் கோபம் அது.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் கேட்டேன். "பிலிம் கழுவறதா? அதெல்லாம் நிறுத்தி ரொம்ப வருசமாச்சுங்க மேடம்" என்று, ஏதோ நான் மாட்டுவண்டிக்குப் பெட்ரோல் கேட்டதுபோல் பார்த்தார்கள். சென்னைக்குக் கூரியரில் அனுப்பலாம். போன முறை அனுப்பியது திரும்பி வருவதற்குள் நான் என்ன எடுத்தேன் என்பதே மறந்துவிட்டது. சின்ன அத்தைக்கு அவ்வளவு நாள் இருக்குமா என்று யாரும் சொல்லத் தயாராயில்லை.

பரணில் எல்லாம் இருந்தது. ஆரி வேலைக்கு வாங்கிய சட்டம், கேக் அச்சுகள், இந்தி பேசக் கற்றுக்கொள்ளும் புத்தகம், மாடித்தோட்டப் பைகள். நான் ஆரம்பித்துப் பாதியில் விட்டவை அத்தனையும் அங்கேதான் குடியிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால், உறை பிரிக்காமல், பிலிம் கழுவும் சாமான்: கறுப்பு டேங்க், அதற்குள் பிலிமைச் சுருட்டி வைக்கிற பிளாஸ்டிக் ரீல், படத்தை வரவழைக்கிற டெவலப்பர், வந்ததை நிற்கவைக்கிற ஃபிக்ஸர். வாங்கிய ஜோரில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டுப் பரணில் ஏற்றியவள் நான்தான். தூசி தட்டி இறக்கினேன். "இது எத்தன நாளைக்கோ" என்று அத்தை தனக்குத்தானே சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

நேராக அந்தச் சுருளில் கை வைக்கப் பயமாக இருந்தது. அதனால் வேறொரு பிலிமைக் கேமராவில் போட்டு, மாடியில் நின்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினேன். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு முருங்கை, கொடியில் தொங்கும் கணவரின் லுங்கி. கெட்டால் கெடட்டும். கெட்டது. டெவலப்பருக்கு இருபது டிகிரி வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் தொட்டால் சுடும். ஐஸ் போட்டேன். எவ்வளவு ஆறியது என்று பார்க்கக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை விட்டேன். மனிதச் சூட்டுக்குக் கீழே இருப்பதை அது மதிக்கவே மதிக்காது. பிறகு பள்ளிக்கூட ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் போய் ஒன்று வாங்கி வந்தேன். வெளிச்சம் பட்டால் படம் போய்விடும் என்று குளியலறை இருட்டில் பிலிம் டப்பாவை உடைத்துத் திறந்தபோது பிலிம் முழுக்க வெளியே பாய்ந்து என் மடியில் சுருண்டது. ரீலில் ஏற்றப் போனால் பாதியில் மாட்டிக்கொண்டது. காய்ந்த பிறகு பார்த்தால் லுங்கிமேல் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு. போர்வெல் தண்ணீரின் உப்பு அப்படியே படிந்துவிட்டது.

அதிலிருந்து இரண்டு பாடம் படித்தேன். ஒன்று, டப்பாவை உடைக்க வேண்டாம். நுனி கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் அதை ரீலில் மாட்டி, டப்பாவுக்குள்ளிருந்து நேராகவே இழுத்து ஏற்றிக்கொண்டு போகலாம். அவிநாசிச் சுருளின் நுனி நல்லவேளையாக வெளியே இருந்தது. இரண்டாவது, உப்புத் தண்ணீர் ஆகாது, நல்ல தண்ணீர் வேண்டும்.

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் என்றால் சிறுவாணி. நினைத்தபோது வராது. வந்தால் குடம், டிரம், அண்டா எல்லாம் நிறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அண்டாவில் நான் சொம்பை விட்டதும் அத்தை சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"ஏனு அம்மணி, குடிக்கற தண்ணில பிலிமு கழுவறதா? சிறுவாணித் தண்ணிய எவளாச்சும் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போவாளா?"

"உப்புத் தண்ணி திட்டு விழுதுங்க அத்தை."

"விழுகட்டும். அவ மூஞ்சில திட்டு இருந்தா எனக்கென்ன?"

சொம்பை அண்டாவிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு குடத்தை மட்டும் ஒளித்துவைத்தேன்.

அவிநாசிச் சுருளைக் கழுவுவது என்று முடிவு செய்த அன்று காலையிலிருந்தே எனக்கு நிலை கொள்ளவில்லை. காலையிலேயே முடித்துவிடலாம் என்று மருந்தைக் கலக்கினால் அமோனியா வாடை என்றும் புளிச்ச வாடை என்றும் அத்தை மூக்கைப் பொத்தினார். மதியம் முடித்துவிடலாம் என்றால் குளியலறை மேற்குப் பக்கம். வெண்டிலேட்டரை என்னதான் கறுப்புக் குப்பைப் பையால் மூடி டேப் ஒட்டினாலும், வெயில் நேராக அடித்து ஊசி ஊசியாய் உள்ளே வந்தது. இன்னொரு பை ஒட்டினேன். இன்னும் வந்தது. கதவிடுக்கில் போர்வையைத் திணித்தேன். வெயில் சாயும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. காத்திருப்பது எனக்கு வராது. ஐஸ் போட்டேன், கரைந்தது, மறுபடி போட்டேன். பட்டறைக்குப் போன் செய்து கணவரிடம் புலம்பினேன்.

"பல்பக் கழட்டிப்போடு" என்றார்.

"அதுக்கு ஸ்டூலு வேணுங்க. ஸ்டூலு பரண்ல. அத்தைகிட்ட லைட்டு போடாதீங்கன்னு சொல்லியாச்சு. கேட்டுக்கிட்டாங்க."

கேட்டுக்கொண்டார்தான். "நான் எதுக்குப் போடறேன், எனக்கு வேற வேலையில்லையா" என்றுகூடச் சொன்னார். எங்கள் வீட்டில் குளியலறை சுவிட்ச் வெளியே, நடையில் இருக்கிறது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

வெயில் இறங்கியது. உள்ளே போய்த் தாழிட்டேன். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து கண்ணைத் திறந்தேன், மூடினேன், இரண்டும் ஒன்றாக இருந்தது. பிலிமின் நுனியைத் தடவி ரீலில் மாட்டினேன். ரீலின் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்ப டப்பாவிலிருந்து பிலிம் மெல்ல உள்ளே ஏறும். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. துடைக்க முடியாது. காதுக்குள் கொசு. அடிக்க முடியாது. நான் இப்படி அசையாமல் உட்கார்ந்ததைப் பார்த்தால் என்னைப் பெற்றவளே நம்ப மாட்டாள். ஆனால் பிலிம் ஏறியது. மாட்டாமல், மடங்காமல், சரசரவென்று ஏறியது. எனக்கு அழுகைகூட வந்தது. ஒரு காரியம், ஒரே ஒரு காரியம், இந்தக் கையால் முழுசாக நடக்கப் போகிறது என்று நினைத்தேன்.

வெளியே பூஜையறையில் மணிச் சத்தம் கேட்டது.

விளக்கு வைத்துவிட்டு அத்தை என்ன செய்வார் என்று இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் ஒரு மூலை இருட்டாக இருக்கக் கூடாது. வாசல் சுவிட்சில் ஆரம்பித்து வரிசையாக எல்லா அறைக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டே போவார். பிறகு நான் பின்னாலேயே போய் வேண்டாததை அணைப்பேன். நாள் தவறாமல் நடப்பது. அதனால்தான் அது என் மண்டையில் ஏறவே இல்லை.

டக். அது முன்னறை. டக். சமையலறை. காலடி நடைக்குத் திரும்பியது. டக். நடை விளக்கு.

"அத்தை!" என்று கத்தினேன். டக்.

எல்லாம் தெரிந்தது. சோப்பு டப்பா, ரோஸ் கலர் வாளி, என் கை, கையில் ரீல், ரீலுக்கும் டப்பாவுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் பளபளவென்று பிலிம்.

"ஆப் பண்ணுங்க! ஆப் பண்ணுங்க! அய்யோ, ஆப் பண்ணுங்க அத்தை!"

இருட்டு திரும்பி வந்தது. பிறகு நான் வெடித்தேன். மாமியாரிடம் பேசக்கூடாததையெல்லாம் பேசினேன், கதவு நடுவில் இருக்கிற தைரியத்தில். "வேணும்னே போட்டீங்களா? அவங்க பேசுனது தெரிஞ்சுபோயிரும்னுதான போட்டீங்க? அன்னூரு போக வேண்டி வந்துருமேன்னுதான போட்டீங்க?"

"நான் போடல கண்ணு" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். அத்தையின் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. "கை போட்டுருச்சு."

இருட்டில் டப்பாவைத் தடவிப் பார்த்தேன்.

"போச்சா? அத்தனையும் போச்சா? அவ பேசுனதும் போச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் படம் என்னைவிட அவருக்குத்தான் வேண்டியிருந்தது. போவதற்கு ஒரு சாக்குக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அதைக் காட்டுகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, கீரை ஆய்ந்துகொண்டே, மூக்கைப் பொத்திக்கொண்டே, காத்திருந்திருக்கிறார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ரீல்ல ஏறுனது போச்சுங்க. டப்பாக்குள்ள இருக்கறது மட்டும் தப்பிச்சிருக்கும். அதுல இருக்குமா இருக்காதான்னு தெரியாது."

"அப்ப அதப் பண்ணு. நான் இங்கயே நிக்கறேன். சுவிட்சு மேல கைய வெச்சுட்டு நிக்கறேன். எவனாச்சும் தொட்டான்னா கைய ஒடிச்சுப்போடறேன்."

வீட்டில் வேறு யாருமே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. இருட்டில் மிச்சத்தை ஏற்றி, நுனியை வெட்டி, டேங்குக்குள் வைத்து மூடினேன். மூடிவிட்டால் பிறகு வெளிச்சத்தில் வேலை செய்யலாம். கதவைத் திறந்தபோது அத்தை சொன்னபடியே நின்றுகொண்டிருந்தார், உள்ளங்கையைச் சுவிட்சின்மேல் பொத்தி, நெற்றியில் புதுத் திருநீறோடு.

டெவலப்பரை ஊற்றி, நிமிடத்துக்கு ஒருமுறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அத்தை சுவர்க்கடிகாரத்துக்கு அடியில் நின்று "இப்ப கவுத்து, இப்ப கவுத்து" என்று நேரம் சொன்னார். என்னைவிட அவர்தான் பறந்தார். ஃபிக்ஸரும் முடிந்து, கழுவத் தண்ணீர் வேண்டும் என்று நான் எழுவதற்குள் அவரே ஒரு குடம் சிறுவாணியை இடுப்பில் தூக்கிவந்து குளியலறை வாசலில் இறக்கினார்.

"பத்துமா? இன்னொரு கொடம் கொண்டாரட்டா?"

"இந்தத் தண்ணியவா அத்தை?"

"வாய மூடிட்டுக் கழுவு."

ரீலிலிருந்து பிலிமை உருவி விளக்குக்கு நேரே பிடித்தேன். முதல் பாதி மை ஊற்றியது போல் முழுக் கறுப்பு. கோயில் போய்விட்டது, காது குத்திக்கொண்டு அழுத குழந்தை போய்விட்டது. ஓரிடத்தில் அந்தக் கறுப்பு கத்தரியால் வெட்டியதுபோல் நின்றது. டப்பாவின் வாய் அங்கேதான் இருந்திருக்கிறது. அதற்கப்புறம் தெளிவாக, வரிசையாகப் படங்கள். பிலிமில் எல்லாம் தலைகீழ் நிறம். வெள்ளை முடியும் கறுப்பு முகமுமாக ஆட்கள்.

"இதாரு, பேயாட்டம்?" என்றார் அத்தை.

"காயட்டுங்க. நாளைக்குத்தான் மூஞ்சி தெரியும்."

கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். அதற்கப்புறம் அத்தை ஓரிடத்தில் உட்காரவில்லை. சீரியல் ஓடியது, பார்க்கவில்லை. தட்டில் சோறு ஆறியது. குளியலறை வாசலுக்குப் போவார், எட்டிப் பார்ப்பார், வருவார். சக்கரம் அன்றைக்கு அவர் காலிலும் இருந்தது.

மறுநாள் காலையில் கணவர் பட்டறைக்குப் போகாமல் ஸ்கேன் செய்ய உட்கார்ந்தார். ஸ்கேனர் எங்களிடம் இல்லை. பழைய டேப்லெட்டின் திரையை முழு வெள்ளையாக்கி, அதன்மேல் பிலிமை வைத்துப் போனில் எடுத்தோம். திரையின் புள்ளிகளெல்லாம் கொசுவலை போலப் படத்தில் விழுந்தன. பிலிமைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் போதும் என்றேன். அவர் இரண்டு டம்ளரைக் கவிழ்த்து, ஒரு சாமி படத்தின் கண்ணாடியைக் கழற்றி மேலே வைத்தார். அத்தை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் எவ்வளவு தவித்தார் என்பதற்கு அத்தாட்சி.

போனில் நிறத்தைத் திருப்பினோம். மண்டப வாசலில் செருப்புக் குவியல், அருமையாக வந்திருந்தது. கை கழுவும் இடம், அதுவும். என் கணவர் பல் குத்திக்கொண்டு நிற்பது, அப்படியே கல்வெட்டு. கழித்துக் கட்டலாம் என்று நினைத்து எடுத்ததெல்லாம் தப்பித்துவிட்டது. பந்தியில் எடுத்த மூன்றில் இரண்டு கறுப்புக்குள் போய்விட்டன. மூன்றாவது, வெட்டு விழுந்த அந்த இடத்திலேயே இருந்தது. பாதி டப்பாவுக்கு வெளியே, பாதி உள்ளே.

அதைத் திருப்பியபோது கறுப்புப் பாதி வெள்ளையானது. வெறும் வெள்ளை. சின்ன அத்தை இருந்த பாதி அது. ஒரு விரல்கூட இல்லை. மிச்சப் பாதியில் என் மாமியார் தன் இலைக்கு முன்னால் இருந்தார். வெள்ளையைப் பார்த்துத் திரும்பி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, தன் இலையிலிருந்த ஒப்பிட்டை எடுத்து அந்த வெள்ளைக்குள் நீட்டிக்கொண்டு.

எனக்குப் பொக்கென்று போய்விட்டது. யார் முதலில் திரும்பினார் என்று காட்டுகிற இரண்டு படமும் இல்லை. தங்கை பேசினார் என்பதற்குத் தங்கையே இல்லை. போனை அத்தையிடம் கொடுக்கக் கை வரவில்லை. அவரே பிடுங்கிக்கொண்டார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குச் சக்கரை. ஒப்பிட்டு ஆகாது. அதனால தள்ளி வெச்சிருப்பேன்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

"அவளுக்கு ஒப்பிட்டுன்னா உசுரு. சின்னதுல எம்பங்கையும் சேத்துத் திம்பா." விரலால் தன் முகத்தைத் தொட்டுப் பெரிதாக்கினார். "சிரிச்சிருக்கறேன் பாரு. பேசாதவளுக்கு இப்புடியா சிரிப்பு வருது? நானே பேசிப்போட்டேனாட்டம் இருக்குது கண்ணு. பேசிப்போட்டு, பேசலைன்னு சொல்லிட்டுக் கெடந்திருக்கறேன்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அத்தை வெள்ளைப் பாதியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். "இதுல அவ இருக்கறாளா? தேடுனா வருவாளா?"

"வரமாட்டாங்க அத்தை. வெளிச்சம் தின்னுபோட்டுது."

"நான் போட்ட வெளிச்சம்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "சரி. படத்துல இல்லீனா நேர்லயே போய்ப் பாத்துக்கறேன். வண்டிய எடு."

கணவர் சாவியை எடுத்துவிட்டார். ஆனால் அத்தை உடனே கிளம்பவில்லை. கடலைப்பருப்பை ஊறப் போட்டார். ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாரே, வெறுங்கையோடு போவதா என்றார். பூரணம் அரைத்து, மாவு பிசைந்து, ஒப்பிட்டைத் தட்டித் தட்டிச் சுட்டு அடுக்கினார். நான் பக்கத்தில் நின்று நேரத்தைப் பார்த்துப் பார்த்து வெந்தேன். வெசையாக ஆகட்டுமுங்க, வெசையாக ஆகட்டுமுங்க என்று எத்தனை முறை சொன்னேனோ. "நீ போயிப் பருப்பத் தீயவுடு, போ" என்றார். ஒப்பிட்டு அடுக்கிய தூக்குப் போசியை மடியில் வைத்துக்கொண்டு அவர் வண்டியில் ஏறியபோது வெயில் சாய்ந்துவிட்டது. சத்தி ரோட்டில் சரவணம்பட்டி தாண்டும்வரை நெரிசல். கோவில்பாளையம் வரைக்கும் அத்தை போசியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் ஒன்றுதான் கேட்டார்: "நாம போறதுக்குள்ள..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அன்னூரில் அந்த வீடு சண்டைக்குப் பிறகு கட்டியது. புதுமனை புகுவிழாவுக்கு அத்தை போகவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது. சின்ன மாமனார்தான் கேட்டைத் திறந்தார். அந்தப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன மனிதர். அத்தையைப் பார்த்ததும் அவருக்கு, "வாங்க" என்பதற்குள் கண் கலங்கிவிட்டது. உள்ளே கையைக் காட்டினார்.

அறை இருட்டாக இருந்தது. கட்டிலில் ஒரு உருவம் கதவைப் பார்த்தபடி படுத்திருந்தது. விளக்கு வைக்கிற நேரம். தூக்குப் போசியை என் கையில் கொடுத்துவிட்டு அத்தை உள்ளே கால் வைத்தார். வைத்ததும் அவர் கை தானாகச் சுவருக்குப் போனது. எங்கள் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு எல்லா விளக்கையும் போடுகிற கை அது. இங்கே சுவரில் மேலும் கீழும் தடவிக்கொண்டு நின்றது.

"ஏம்புள்ளே" என்றார் அத்தை, இருட்டைப் பார்த்து. "உன்ற ஊட்டுல சுவிட்சு எங்கடி வெச்சிருக்கறே?"

கட்டிலில் பெருமூச்சு கேட்டது. பிறகு குரல் வந்தது.

"கதவுக்குப் பின்னாலக்கா."